லூசியானா அடிமைகள் தரவுத்தளம்: ஒரு லட்சம் வரிசைகளை எப்படிப் படிப்பது

ஆரம்பகால அமெரிக்க வரலாற்றில் அடிமைகளைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று கிளம்பும் மாணவர் முதலில் கேட்கும் பதில், "அவர்களைப் பற்றி ஆவணம் எங்கே இருக்கிறது?" என்பதுதான். வரலாற்றாசிரியர் க்வென்டலின் மிட்லோ ஹால் உருவாக்கிய லூசியானா தரவுத்தளம் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1719 முதல் 1820 வரை லூசியானாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இதில் உண்டு. பெயர், வயது, பிறந்த இடம், தொழில், நோய், குடும்பம், விலை, தப்பியோடியது, விடுதலையானது என்று, ஒருவர் ஓர் ஆவணத்தில் வரும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரிசை. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஐபிப்லியோ தளத்தில் இலவசமாகத் தேடலாம், முழுக் கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது.

இந்தத் துறைக்கு இதைவிடப் பயனுள்ள இலவசக் கருவிகள் மிகக் குறைவு. ஆனால் தவறாகப் பயன்படுத்துவதும் சுலபம். தேடி, எண்ணி, வரைபடம் போட்டு முடித்துவிடலாம் என்று தோன்ற வைக்கும் அமைப்பு இது. உண்மையில் ஒவ்வொரு வரிசையும் ஒரு நோட்டரியின் மேசையில், யாரோ ஒருவருடைய சொத்தைக் கணக்கெடுக்க எழுதப்பட்ட பத்திரத்தின் சாரம். அந்தப் பத்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் அதில் இருக்கும் மனிதர் தெரிவார்.

உருவாக்கியவரைப் பற்றித் தெரிந்துகொள்வதும் கருவியைப் புரிந்துகொள்ள உதவும். ஹால் 1929இல் நியூ ஆர்லியன்ஸில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1940களிலேயே தெற்கில் இனச் சமத்துவ இயக்கத்தில் இறங்கியவர். கறுப்பினக் கம்யூனிஸ்ட் தலைவர் ஹாரி ஹேவுட்டை 1956இல் மணந்தார். அந்நாளில் லூசியானாவில் அப்படியொரு கல்யாணம் சட்டப்படி குற்றம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது 1970இல்தான். அதன்பின் ரட்கர்ஸில் ஆசிரியர் பணி. பாயின்ட் கூப்பே வட்டத்தின் (லூசியானாவில் மாவட்டத்துக்கு நிகரான பிரிவு, ஆங்கிலத்தில் பாரிஷ்) நீதிமன்றத்தில், நியூ ரோட்ஸ் என்ற சின்ன ஊரில், அடிமைகளின் ஆப்பிரிக்க இனப் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்த கட்டுகளை 1984இல் அவர் பிரித்தபோது வயது 55. அமெரிக்க அடிமைகளின் ஆப்பிரிக்க வேர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண முடியாது என்ற எண்ணம் அன்று வரலாற்றுத் துறையில் வேரூன்றியிருந்தது. குறுந்தகடாக லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் தரவுத்தளத்தை வெளியிட்டது 2000இல். இடையில் போன பதினாறு ஆண்டுகளும் வட்டம் வட்டமாக, நீதிமன்றம் நீதிமன்றமாக, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலக் கையெழுத்துகளைப் படித்துப் பதிவு செய்வதில் கழிந்தவை. ஒடுக்கப்பட்டோர் வரலாற்றை வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இதில் குறுக்கு வழி இல்லை.

லூசியானாவில் மட்டும் இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது? காரணம் சட்டம். பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆட்சியில் சொத்துப் பரிமாற்றத்தை நோட்டரி முன்னிலையில் எழுதி வைப்பார்கள். விற்கிறவர் மறைத்த குறை பின்னால் தெரியவந்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். அதனால் நோய், குடிப்பழக்கம், திருட்டு, தப்பியோடும் பழக்கம் எல்லாவற்றையும் பத்திரத்திலேயே சொல்லிவிடுவது விற்பவருக்குப் பாதுகாப்பு. எஜமானர் இறந்தால் மதிப்பீட்டாளர்கள் வீடு, சமையலறை, மாடு, கருவி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்து அடிமைகளின் பெயர், வயது, "இனம்", தொழில், உடல்நிலை, விலை எழுதுவார்கள். மனிதரைப் பண்டமாக வைத்து எழுதிய அந்தத் துல்லியம்தான் இன்று அவர்களை அடையாளம் காணக் கைகொடுக்கிறது. இதைப் படிக்கும்போது வரும் கசப்பு நியாயமானது. அது மரத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடும் முறைக்கு வருவோம். அடிமையின் பெயரை அடித்துத் தேடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பெரும்பாலும் அதுவே முதல் தோல்வி. மூன்று ஆட்சிகள் மாறிய நிலம் இது: 1769இல் ஸ்பெயின் நிர்வாகம் உறுதியானது, 1803இல் அமெரிக்கா வாங்கியது. ஜான் என்ற ஒரே ஆள் பிரெஞ்சுப் பத்திரத்தில் ழான், ஸ்பானிஷ் பத்திரத்தில் ஹுவான், அமெரிக்கப் பத்திரத்தில் ஜான். ழான்-பப்திஸ்த் சில இடத்தில் வெறும் பப்திஸ்த், சில இடத்தில் ஹுவான் பவுத்திஸ்தா. ஒரு வடிவத்தை மட்டும் தேடினால் அந்த நபர் 1770இல் காணாமல் போனதுபோலத் தோன்றும். ஆப்பிரிக்கப் பெயர்களில் சிக்கல் இன்னும் கூடும். நோட்டரி காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருப்பார், அடுத்த நோட்டரி வேறு மாதிரி எழுதியிருப்பார்.

ஆகவே எஜமானரின் குடும்பப் பெயரிலிருந்து தொடங்குங்கள். அதோடு வட்டத்தின் பெயரைச் சேருங்கள். வருகிற வரிசைகளில் ஆவணத் தேதியையும் ஆவண எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ஆவணத்தைச் சேர்ந்த எல்லோரையும் ஒன்றாக எடுத்துப் பாருங்கள். இந்த நான்காவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சொத்துப் பட்டியலில் பெரும்பாலும் தாயை எழுதி, அடுத்தடுத்துப் பிள்ளைகளை எழுதுவார்கள். தனித்தனி வரிசைகளாகப் பார்த்தால் ஐந்து அந்நியர்கள். ஒரே ஆவணமாகச் சேர்த்துப் பார்த்தால் முப்பது வயதுத் தாய், பத்து வயது மகன், ஏழு வயது மகள், கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு கிழவி. தரவுத்தளத்தில் தாய், பிள்ளை, கணவன் உறவுக்குத் தனி இடங்கள் உண்டு, ஆனால் ஆவணம் உறவைச் சொன்னால்தான் அவை நிரம்பும். தந்தையின் பெயர் வெறுமையாக இருந்தால் தந்தை இல்லை என்று பொருளில்லை. அவர் பக்கத்துத் தோட்டத்தில் வேறொருவரின் உடைமையாக இருந்திருக்கலாம்.

வயது: பெரியவர்களின் வயது 30, 40, 50 என்று முழு எண்களில் குவிந்து கிடக்கும். மதிப்பீட்டாளர் முகத்தைப் பார்த்துச் சொன்ன மதிப்பு அது. 38க்கும் 42க்கும் வேறுபாடு இருப்பதாக நினைத்து வாதம் கட்டக் கூடாது. உள்ளூரில் பிறந்த சின்னப் பிள்ளைகளின் வயது ஓரளவு நம்பத்தக்கது. பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போது ஐந்து ஆண்டு முன்பின் இடம் விட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

விலையில் விழும் குழி பெரியது. பிரெஞ்சு ஆட்சியில் லீவ்ர், ஸ்பானிஷ் ஆட்சியில் பியாஸ்தர், பிறகு டாலர். பிரெஞ்சுக் காலத்தில் புழங்கிய காகிதப் பணம் மதிப்பு சரிந்துகொண்டே போனது. ஹால் குழுவினர் இவற்றை ஒரே அளவுக்கு மாற்றிய விலையையும் தனியாகக் கொடுத்திருப்பது பெரிய உதவி. பத்திரத்தில் உள்ள மூல எண்ணையும் மாற்றிய எண்ணையும் கலந்து சராசரி எடுத்தால் வருவது வெறும் குப்பை. அடுத்த ஆபத்து, கூட்டு விலை. தாயும் இரண்டு பிள்ளைகளும் சேர்த்து 900 பியாஸ்தர் என்று பத்திரம் சொன்னால் அந்த 900 தாயின் விலை ஆகாது, மூன்றால் வகுத்து ஆளுக்கு 300 என்று போடவும் முடியாது. தனியாக மதிப்பிடப்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்துத்தான் விலை ஆய்வு செய்ய வேண்டும். சந்தையில் கொடுத்த விற்பனை விலையும் வாரிசுகளுக்காகப் போட்ட மதிப்பீட்டு விலையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

வரிசைகளின் எண்ணிக்கையை மனிதர்களின் எண்ணிக்கையாக எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. எஜமானர் இறந்தபோது ஒரு பட்டியலில் வந்த பெண், சில ஆண்டு கழித்து விற்பனைப் பத்திரத்தில் வருவாள், பிறகு வாங்கியவர் இறந்ததும் மறுபடி வருவாள். பெயர், ஏறத்தாழ வயது, பிறப்பிடம், தொழில், எஜமானர் சங்கிலி ஆகிய ஐந்தில் குறைந்தது நான்கு பொருந்தினால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்வது நியாயமான விதி. மேரி, பிரான்சுவா, ஜோசப் போன்ற பெயர்களுக்கு நான்கும் போதாது.

இனி இந்தத் தரவுத்தளத்தின் உயிர்நாடி: ஆப்பிரிக்க இனப் பெயர்கள். பம்பாரா, வோலோஃப், மண்டிங்கா, ஃபுல்பே, மினா, நாகோ, சம்பா, இக்போ, காங்கோ என்று நூற்றுக்கணக்கான மைல் இடைவெளியில் வாழ்ந்த மக்களின் பெயர்கள் வரிசைக்கு வரிசை வருகின்றன. பல பத்திரங்களில் அந்த நபரே தன்னைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருக்கும். 1719 முதல் 1743 வரை ஆப்பிரிக்காவிலிருந்து நேரே பிரெஞ்சு லூசியானாவுக்கு வந்த 23 அடிமைக் கப்பல்களில் 16 செனகாம்பியாவிலிருந்து, அதாவது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா ஆறுகளை ஒட்டிய பகுதியிலிருந்து, வந்தவை. அந்தக் கப்பல் கணக்கோடு இந்தப் பெயர்களைச் சேர்த்துத்தான் லூசியானாப் பண்பாட்டின் அடித்தளம் செனகாம்பியா என்று ஹால் வாதிட்டார்.

அந்த வாதத்தை அப்படியே விழுங்கத் தேவையில்லை. குறிப்பாகப் பம்பாரா விஷயத்தில். செனகல் கடற்கரையில் இருந்த பிரெஞ்சு வணிகர்கள் உள்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளையும், தாங்கள் வைத்திருந்த அடிமைச் சிப்பாய்களையும்கூடப் பம்பாரா என்றே பொதுவாகச் சொல்வது உண்டு. ஆகவே லூசியானாவில் பம்பாரா என்று எழுதப்பட்ட எல்லோரும் ஒரே மொழி பேசிய ஒரே மக்கள் என்று கொள்ள முடியாது என்று ஆய்வாளர் பீட்டர் கரான் 1997இல் எதிர்வாதம் வைத்தார். எதிர்வாதத்தில் வலு இருக்கிறது. காங்கோ என்பதும் அப்படித்தான், மிக அகலமான பரப்பைக் குறிக்கும். கினி என்று மட்டும் எழுதியிருந்தால் ஆப்பிரிக்காவில் பிறந்தவர் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. நடைமுறையில் என்ன செய்யலாம்? இனப் பெயரை எண்ணும் முன் ஆவணத்தின் காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1730களின் பம்பாராவையும் 1790களின் பம்பாராவையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். பிறகு அதே தோட்டத்தில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நோட்டரி ஒரே பட்டியலில் பம்பாரா, மண்டிங்கா, ஃபுல்பே என்று பிரித்து எழுதியிருந்தால் அவருக்கு வேறுபாடு தெரிந்திருக்கிறது, அல்லது அங்கே நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலில் உள்ள அத்தனை பேரும் ஒரே இனமாக இருந்தால் சந்தேகப்படுவது நல்லது.

பூர்வகுடி அடிமைகளைப் பற்றிய பதிவுகளை ஆய்வாளர்கள் இன்னும் சரியாகத் தொடவில்லை என்றே சொல்லலாம். பூர்வகுடிகளை அடிமையாக்குவதை ஸ்பானிஷ் ஆளுநர் ஓ'ரெய்லி 1769இல் தடை செய்தார். அதன்பின் உடைமையாளர்களுக்கு ஒருவரைப் பூர்வகுடி என்று பதிவு செய்வது ஆபத்தானது, ஏனென்றால் அவர் விடுதலை கேட்டு வழக்குப் போடலாம். 1790களில் பூர்வகுடித் தாய்வழியில் வந்தவர்கள் அப்படி வழக்குப் போட்டிருக்கிறார்கள். பதிவுகளில் பூர்வகுடிகள் குறைந்துகொண்டே போவதைக் கண்டு மக்களே குறைந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவது பிழை. தாயின் வகைப்பாட்டை முந்தைய ஆவணங்களில் தேடுங்கள். ஆப்பிரிக்க, பூர்வகுடிக் கலப்பில் பிறந்தவர்களுக்குக் கிரிஃப் என்று எழுதுவார்கள். அந்த வகைப்பாடு உள்ள வரிசைகளிலிருந்து தொடங்குவது பலன் தரும்.

கலகம், சதி, தப்பியோட்டம் பற்றிய குறிப்புகளுக்கும் இடம் உண்டு. 1795இல் பாயின்ட் கூப்பேயில் திட்டமிடப்பட்ட கிளர்ச்சி வெளியே தெரிந்ததும் 23 அடிமைகளைத் தூக்கிலிட்டார்கள். 1811 ஜனவரியில், லூசியானாவிலேயே மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஜெர்மன் கடற்கரை என்ற பகுதியில் எழுந்த கிளர்ச்சி அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி. இவற்றில் பெயர் வருகிறவர்களை அதற்கு முந்தைய சொத்துப் பட்டியல்களில் தேடிப் பார்க்கலாம். அப்போது விசாரணைக் குறிப்பில் வெறும் குற்றவாளியாக இருந்த ஒருவருக்கு வயது, தொழில், பிறப்பிடம், சில நேரம் மனைவியும் பிள்ளைகளும் கிடைப்பார்கள். இந்த ஒரு வேலைக்காகவே இந்தக் கருவியைப் பரிந்துரைக்கலாம்.

விடுதலை பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 4,000 பதிவுகள் கொண்ட தனித் தரவுத்தளம் இருக்கிறது. ஸ்பானிஷ் சட்டத்தில், எஜமானர் மறுத்தாலும் அடிமை நீதிமன்றத்தில் தன் விலையை நிர்ணயிக்கச் சொல்லி, அந்தப் பணத்தைக் கட்டி விடுதலைப் பத்திரம் வாங்கலாம். எனவே யார் பணம் கட்டினார்கள் என்ற தகவலைத் தவறாமல் பாருங்கள். எஜமானரின் கருணையாகத் தோன்றுவது பல இடங்களில் ஒரு தாயோ கணவரோ சேர்த்து வைத்த பணம்.

இல்லாதது என்ன? ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இதில் சேர்க்கப்படவில்லை. ஞானப்பெற்றோர் உறவுகளைப் பார்க்காமல் அடிமைகளின் சமூக வாழ்க்கையை எழுத முடியாது. நியூ ஆர்லியன்ஸ் பேராயம் தன் பழைய பதிவேடுகளில் ஒரு பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது, அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூல ஆவணத்தின் படமும் தரவுத்தளத்தில் கிடையாது. பிரெஞ்சு மேல்மன்றம், ஸ்பானிஷ் நீதிமன்றம் ஆகியவற்றின் ஆவணங்களை லூசியானா மாநில அருங்காட்சியகம் எண்மமாக்கி வெளியிட்டிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நோட்டரிப் பத்திரங்கள் நோட்டரி காப்பகத்தில் இருக்கின்றன. கட்டுரையில் மேற்கோள் காட்டும் எந்த வரிசையையும் மூலத்தோடு ஒருமுறையாவது ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். அதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சும் ஸ்பானிஷும் வாசிக்கத் தெரிய வேண்டும், அந்நாளைய சொற்சுருக்கங்கள் பழக வேண்டும்.

தொழில்நுட்பத்தில் இதற்கு வயதாகிவிட்டது. இணையப் பக்கம் பழைய வடிவமைப்பு. கைபேசியில் சிரமம். கோப்புகள் டிபேஸ், எஸ்பிஎஸ்எஸ் போன்ற பழைய தரவு, புள்ளியியல் மென்பொருள்களின் காலத்தவை. பல விவரங்கள் எண் குறியீடாக இருப்பதால் குறியீட்டு விளக்கத்தைப் பக்கத்தில் திறந்து வைக்காமல் வேலை ஓடாது. விளக்கத்தைப் படிக்காமல் நேரே விரிதாளில் திறப்பவர்கள் "தகவல் இல்லை" என்பதற்கான எண்ணையும் உண்மையான மதிப்பாக எண்ணி, சராசரி வயதைக் கெடுத்துக்கொள்வார்கள். முதலில் அந்தக் குறியீடுகளை வெற்றிடமாக மாற்றுங்கள், மூலக் கோப்பின் நகலைத் தொடாமல் தனியே வையுங்கள். இவ்வளவு பாடுபட விருப்பமில்லாதவர்களுக்கு, ஹாலின் தரவுகளையும் சேர்த்துக்கொண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2020இல் தொடங்கிய என்ஸ்லேவ்ட் தளம் இருக்கிறது. ஒரு நபரின் பக்கத்தைத் திறந்தால் அவர் தொடர்பான நிகழ்வுகள் ஒன்றாக வரும். குடும்ப வேர் தேடுகிறவர்களுக்கு அதுவே ஏற்றது. கணக்கெடுத்து ஆய்வு செய்கிறவர்களுக்குப் பழைய கோப்புகளே மேல், ஏனென்றால் எந்த விவரமும் சுருக்கப்படாமல் இருக்கிறது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், ஸ்லேவ் வாயேஜஸ் தளம் ஏறத்தாழ 36,000 கப்பல் பயணங்களைத் தருகிறது. ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டதாக அதன் மதிப்பீடு. கப்பல் எங்கிருந்து எங்கே போனது என்று அறிய அதற்கு நிகர் இல்லை, ஆனால் கரையிறங்கிய மனிதருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது அதன் வேலையில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஃப்ரீடம் ஆன் தி மூவ் தப்பியோடியவர்களைப் பற்றிய நாளிதழ் விளம்பரங்களைத் திரட்டுகிறது. உடை, தழும்பு, பேசும் மொழி, கைத்திறன் என்று ஆளின் சாயலே அதில் கிடைக்கும். ஆனால் தப்பியோடியவர்கள் மட்டுமே வருவார்கள், அதிலும் இளம் ஆண்கள் அதிகம். ஓடாமல் தங்கிய பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் பெருந்திரளாக இருப்பது லூசியானாத் தரவுத்தளத்தில்தான்.

லூசியானாவில் 2014இல் திறக்கப்பட்ட விட்னி தோட்ட அருங்காட்சியகத்தில் ஹாலின் பெயரைத் தாங்கிய நினைவுச் சுவர்கள் இருக்கின்றன. இந்தத் தரவுத்தளத்திலிருந்து எடுத்த 1,07,000 பெயர்களை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஹால் 2022இல் மெக்சிகோவில் காலமானார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரே ஒரு வட்டத்தை, அதிலும் பத்தாண்டுக் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் கூப்பே, 1785 முதல் 1795 வரை என்பது நல்ல தொடக்கம்: கிளர்ச்சியின் விசாரணை ஆவணங்களும் கிடைக்கும், சொத்துப் பட்டியல்களும் நிறைய. ஒரு தோட்டத்தின் மக்களை முழுதாகக் கட்டியெழுப்பி முடித்த பிறகு அடுத்த தோட்டத்துக்குப் போங்கள். மாநிலம் முழுவதையும் ஒரே நாளில் வரைபடமாக்கும் ஆசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.